பர்சபா எங்கே போனார்?

அரசாங்க உத்தியோகத்துக்கும் சரி, பரலோகத்துக்கும் சரி, பட்டியலில் பெயர் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். ஜீவபுஸ்தகத்தில் உன் பெயர் இருக்கிறதா என்று ஞாயிறு பள்ளி டீச்சர் கேட்பார். தேர்வாணையத்தின் லிஸ்டில் உன் நம்பர் இருக்கிறதா என்று தெரு கேட்கும். டீச்சரிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். தெரு விடாது, நம்பரைக் கேட்டு, பேப்பரை விரித்து, விரல் வைத்துப் பார்க்கும்.

ஊர் பாளையங்கோட்டை. 1820-ல் ரேனியஸ் ஐயர் வந்து சேர்ந்ததிலிருந்து கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே காம்பவுண்டுக்குள் வளர்ந்த ஊர். 1826-ல் அவர் காலத்தில் கட்டியதுதான் இன்றைக்கு ஊசிக்கோபுரம் என்று பஸ் கண்டக்டர்கூடச் சொல்லும் கோயில். பெண்பிள்ளைகளுக்குச் சாராள் தக்கர், பையன்களுக்கு ஜான்ஸும் சேவியர்ஸும், பார்வையற்றோருக்கு ஒரு பள்ளி, காது கேளாதோருக்கு ஒரு பள்ளி. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கியாயிற்று. அசல் ஆக்ஸ்போர்டில் படித்தவர்கள் பிரதம மந்திரி ஆவார்களாம். எங்கள் ஆக்ஸ்போர்டில் படித்தவர்கள் வாத்தியார் ஆனார்கள், மிச்சம் இருந்தவர்கள் குமாஸ்தா ஆனார்கள். பனையேறின குடும்பத்துப் பேரன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதை ஊர் பார்த்தது. அதற்குப் பிறகு கிருபை வேறு, சம்பளம் வேறு என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை. கிருபை என்றால் என்ன என்று கேட்டால் என் தாத்தா ரோமர் நிருபத்தைச் சொல்லியிருப்பார். அம்மா பென்ஷனைச் சொல்லியிருப்பாள்.

தாத்தாவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அவர் அப்பா காலத்தில் வேலை வேண்டுமென்றால் மிஷன் துரை கையால் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் போதுமாம். 1929-ல் மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன் வந்தது. இந்திய மாகாணங்களிலேயே அதுதான் முதல் தேர்வாணையம். பரீட்சை என்று ஒன்று வந்ததும் துரையின் கடிதத்துக்கு மதிப்புப் போயிற்று, அன்றிலிருந்துதான் நம் ஜனங்கள் முழங்காலில் நிற்க ஆரம்பித்தார்கள் என்பார். அவர் பக்தர்தான். ஆனால் ஆண்டவர் எந்தெந்த வருஷத்தில் எதற்காக நினைக்கப்பட்டார் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

நான் குரூப் 4 எழுதியது எண்பதுகளின் நடுவில். பி.எஸ்சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் முடித்து, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து, மரத்தடியில் நின்று பழகிக்கொண்டிருந்த காலம். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். விண்ணப்பத்தை உறையில் போட்டதும் அம்மா அதை வாங்கி, இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முடித்த பிறகுதான் தபால்தலை ஒட்ட விட்டாள். அன்று தொடங்கியது வெள்ளிக்கிழமை உபவாசம். உபவாசம் அவளுக்கு, ஆனால் அன்று வீட்டில் எல்லோருக்கும் ரசம்தான்.

ராத்திரி குடும்ப ஜெபம். அப்பாவின் ஜெபத்தில் சீனியாரிட்டி உண்டு. முதலில் சர்வலோகத் திருச்சபை, அடுத்து அத்தியட்சர், பிறகு நாட்டை ஆளுகிறவர்கள், விதவைகள், திக்கற்றவர்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்கள், மழை. கடைசியில்தான் நான். அதற்குள் தம்பி தூங்கிவிடுவான். என் முறை வரும்போதும் அப்பா வேலை கொடும் என்று கேட்டதில்லை. உமக்குச் சித்தமானால் என்று ஒரு வார்த்தையை முன்னால் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார். மேலதிகாரிக்கு மனுப் போடுகிற மாதிரி, முடிவைத் தங்கள் மேலான பார்வைக்கு விட்டுவிடுவார்.

ஆச்சிக்கு இந்தச் சுற்றுவழியெல்லாம் ஆகாது. அப்பா ஆமென் சொன்ன சூட்டோடு அவள் தொடங்குவாள். “ஏசப்பா, இந்தப் பயலுக்கு ஒரு சோலியக் குடும். மொத மாசச் சம்பளம் முழுசும் ஒமக்குத்தான்.” என் சம்பளத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்பந்தம் முடிந்துவிட்டது.

எதிர்வீட்டுப் பிள்ளைவாள் மகனும் அதே பரீட்சை எழுதினான். நாங்கள் இருவரும் ஒரே பொது அறிவுப் புத்தகத்தை முறைவைத்துப் படித்தோம். கண்டுபிடிப்புகளும் கண்டுபிடித்தவர்களும் என்ற பக்கத்தை அவன் கிழித்து வைத்துக்கொண்டான் என்பது இன்றைக்கும் என் சந்தேகம். அவன் அம்மா பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்திருந்தாள். இந்தப் பக்கம் உபவாசம், அந்தப் பக்கம் தேங்காய். என் அம்மாவுக்கு இதில் ஒரு தர்மசங்கடம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக ஜெபிக்காமல் இருப்பது பாவம். ஜெபித்தால் இருக்கிற இடத்தில் ஒன்று குறையும். அவனுக்காகவும் ஜெபித்தாள். கடைசியில், கொஞ்சம் மெதுவாக.

டைப்ரைட்டிங் வகுப்பில் பக்கத்து மெஷினில் அடித்த நண்பன் கத்தோலிக்கன். அவன் ஒரு நாள் சட்டைப்பையிலிருந்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தான். ஆகாயத்தில் மிதக்கிற ஒரு துறவி. குப்பர்த்தீனோ ஊர் சூசையப்பர், 1603-ல் பிறந்தவர், பரீட்சை எழுதுகிறவர்களின் பாதுகாவலர் என்றான். அவர் கதையைக் கேட்டதும் அவர்மேல் எனக்குப் பெரிய பிரியம் வந்துவிட்டது. படிப்பே ஏறாதாம். திருத்தொண்டர் பட்டத்துக்கு முன்னால் ஆயர் சுவிசேஷத்தைத் திறந்து ஏதோ ஒரு பக்கத்தில் விளக்கம் கேட்டாராம். அவருக்குத் தெரிந்திருந்த ஒரே பகுதி அதுதான். அடுத்து குருப்பட்டத்துக்கான பரீட்சை. வரிசையில் முன்னால் நின்றவர்கள் வெளுத்து வாங்கவே, மற்றவர்களும் இப்படித்தான் இருப்பார்கள் என்று ஆயர் கேள்வி கேட்காமலேயே எல்லோரையும் தேர்ச்சி என்று விட்டுவிட்டாராம். இவர் பின்வரிசையில் நின்றவர். நாங்கள் சி.எஸ்.ஐ.; புனிதர்களிடம் மன்றாட்டு வைக்கிற வழக்கம் இல்லை. படத்தை மட்டும் பொது அறிவுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டேன். அம்மா பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்துக்கு தானியேல் இருந்தார். ஞாயிறு பள்ளியில் அவரைச் சிங்கக்கெபியோடு நிறுத்திவிடுவார்கள். முதலாம் அதிகாரத்தை ஒழுங்காகப் படித்தால் அது முழுக்க முழுக்க அரசுப் பணித் தேர்வு. பாபிலோன் ராஜா பையன்களைப் பொறுக்குகிறான், கல்தேய மொழியும் எழுத்தும் மூன்று வருஷப் பயிற்சி, சாப்பாடு அரண்மனையில், முடிவில் ராஜாவே நேர்முகத் தேர்வு நடத்துகிறான். தானியேலும் மூன்று நண்பர்களும் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு தேறுகிறார்கள். அவர்கள் அரண்மனைச் சாப்பாட்டை மறுத்துக் காய்கறியும் தண்ணீரும் கேட்டதைப் பிரசங்கத்தில் பெரிதாகச் சொல்வார்கள். மூன்று வருஷம் அந்நிய பாஷையை உட்கார்ந்து படித்ததைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அதில் சாட்சிக்குச் சரக்கு இல்லை.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பரீட்சை எழுதுகிறவர்கள் முன்னால் வரலாம் என்றார் ஐயரவாள். பத்துப் பதினைந்து பேர் போனோம். பேனாக்களை வாங்கிக் காணிக்கைத் தட்டில் வைத்தார். கூரையைப் பார்த்து ஜெபித்தார். ஜெபம் நன்றாகத்தான் இருந்தது. இவர்களுடைய கைகளை ஆசீர்வதியும், ஞாபகசக்தியைத் தாரும், பதற்றத்தை நீக்கும் என்று. சங்கடம் ஆமெனுக்குப் பிறகு. அந்தக் காலத்தில் ஊரில் எல்லோரிடமும் இருந்தது ஒரே மாதிரி ஹீரோ பேனா, தங்க நிற மூடி. தட்டில் எது யாருடையது என்று தெரியவில்லை. பலிபீடத்துக்கு முன்னால் நின்று மூடியைத் திறந்து நிப்பைப் பார்ப்பதும் மரியாதையாகப் படவில்லை. கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு திரும்பினோம். எனக்குக் கிடைத்தது கழுத்தில் மை கசிகிற பேனா. பரீட்சை அறையில் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் நீலம். என் நல்ல பேனா எவன் கையில் போனதோ, அவனுக்கும் வேலை கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கிடைத்தது. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு போஸ்ட்மேன் பழுப்பு உறையோடு வந்தார். அம்மா அவருக்கு ஐந்து ரூபாய் கொடுத்தாள். அப்போது அது பெரிய காசு.

நான் பணியில் சேர்ந்தது மாதத்தின் நடுவில். ஆகவே முதல் சம்பளம் பாதி. இங்கே ஒரு வேதசாஸ்திரச் சிக்கல் எழுந்தது. முதல் சம்பளம் எதுவோ அதுதான் பொருத்தனை, பாதியோ முழுசோ கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்றார் அப்பா. ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “முழு மாசம்னுல்லா சொன்னேன். ஆண்டவர்ட்டயே அரைக்கணக்கா?” விஷயம் ஐயரவாளிடம் போனது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முதல் மாதமும் இரண்டாம் மாதமும் சேர்த்துக் கொடுத்தால் யாருக்கும் மனக்குறை இருக்காது என்றார். அந்த இரண்டு மாதமும் நான் அப்பாவிடம் பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்வந்தேன்.

அறுப்பின் பண்டிகையில் சாட்சி சொன்னேன். பிள்ளைவாள் மகனுக்கு அந்த முறை கிடைக்கவில்லை. சாட்சியில் அவன் வரவில்லை; வர வேண்டிய அவசியமும் இல்லையே. எங்கள் செட்டில் இன்னொருவனும் சாட்சி சொல்லவில்லை, அவனுக்கு வேலை கிடைத்தும். ஞானஸ்நானத்தில் அவனுக்கு ஒரு பெயர், சர்ட்டிபிகேட்டில் வேறு பெயர். கோயிலில் சாமுவேலாகவோ ஜேக்கப்பாகவோ இருக்கிறவன் தாலுகா ஆபீசில் இந்துவாக இருந்தாக வேண்டிய நிலைமை. 1950-ல் ஜனாதிபதி உத்தரவு போட்ட கோடு அது: ஆதிதிராவிடர் கிறிஸ்தவரானால் அட்டவணை வகுப்பிலிருந்து வெளியே. பிறகு 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பி.சி. அவன் அம்மா என் அம்மாவைவிட அதிக நாள் உபவாசம் இருந்திருப்பாள். கிடைத்த பதிலை மைக்கில் சொன்னால் வேலை போய்விடும். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்த எங்களில் யாருக்கு அந்தப் பயம் இருந்தது? நாங்கள் ஏற்கெனவே பி.சி.; கோயிலிலும் ஆபீசிலும் ஒரே பெயர்.

இடஒதுக்கீட்டில் இன்னொரு கதை உண்டு. 2007-ல் பி.சி.க்குள் கிறிஸ்தவர்களுக்கென்று தனியாக மூன்றரை சதவீதம் கொடுத்தார்கள். எத்தனையோ வருஷத்து வேண்டுதல். ஸ்தோத்திர ஆராதனையெல்லாம் நடந்தது. நடைமுறைக்கு வந்து கணக்குப் பார்த்தால், பொதுவான பி.சி. ஒதுக்கீட்டில் நம் பிள்ளைகள் வாங்கிக்கொண்டிருந்த இடமே கூடுதல் என்று தெரிந்தது. 2008-ல் நாமே போய் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தோம். கேட்டதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எந்தப் பிரசங்கத்திலும் இதைக் கேட்டதும் இல்லை.

இனி இப்போது.

ஐயரவாள் பாஸ்டர் ஆகிவிட்டார். கோயில் சர்ச் ஆகிவிட்டது. நான் ரிட்டையர் ஆகிவிட்டேன், அதுவும் லேசில் இல்லை. ஐம்பத்தெட்டில் போக வேண்டியவனுக்கு 2020-ல் ஐம்பத்தொன்பது என்றார்கள். 2021-ல் அறுபது என்றார்கள். எசேக்கியா ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுது பதினைந்து வருஷம் வாங்கினார். நான் அழாமலேயே இரண்டு வருஷம். ஒவ்வொரு முறையும் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தோம். அதே இரண்டு வருஷமும் என் அக்கா மகள் பி.இ. முடித்துவிட்டு, எப்போது அறிவிப்பு வரும் என்று தேர்வாணையத்தின் தளத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். 2019 செப்டம்பரில் ஒரு குரூப் 4. அதற்கடுத்தது 2022 ஜூலையில். நடுவில் கொரோனா ஒரு காரணம். என்னைப் போன்றவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதது இன்னொன்று. அக்கா ஒரு வெள்ளிக்கிழமை, “மாமாவுக்கு ஆண்டவர் இன்னொரு வருஷம் குடுத்துருக்காரு, ஒனக்கும் குடுப்பாரு” என்று அவளைத் தேற்றினாள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கெட்டிக்காரி, கூட்டல் கழித்தல் தெரியும்.

அவள் 2024-ல் மறுபடி எழுதினாள். அறிவிப்பில் 6,244 இடம், விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கு மேல். பத்தாம் வகுப்பு போதும் என்கிற பரீட்சைக்கு இன்ஜினீயர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனாலும் ஜெபம் வெகு சுலபமாகிவிட்டது. உபவாசத்தோடு இப்போது யூடியூபும். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கான சிறப்பு ஜெபம் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு நேரலை. பக்கத்தில் ஓடுகிற பெட்டியில் ஆமென், ஆமென் என்று வரிசையாக விழும். நடுநடுவே பெயரும் ரிஜிஸ்டர் நம்பரும். ஆண்டவருக்கு ஆள் அடையாளம் குழம்பிவிடக் கூடாதே. கீழே ஒரு கியூஆர் கோடு. அக்கா காலையில் எழுந்ததும் வாட்ஸ்ஆப்பில் நாலு குழுவிலிருந்து நாலு வாக்குத்தத்தம் வரும், சூரிய உதயப் படத்தோடு. பெரும்பாலும் உபாகமம் இருபத்தெட்டு. தலையாவதைப் பற்றிய வசனம். இருபது லட்சம் பேரில் எத்தனை பேருக்கு அதே வசனம் போனதோ, எல்லோரும் தலையாகிவிட்டால் வால் யார் என்று நான் கேட்டேன். “ஒனக்குப் பென்ஷன் வருதுல்லா, பேசாம இரு” என்றாள் அக்கா.

ஜெபத்தின் பாஷையும் மாறிவிட்டது. அப்பாவின் சித்தமானால் காணாமல் போய்விட்டது. அறிக்கையிடுகிறேன், சுதந்தரிக்கிறேன், பெற்றுக்கொண்டேன் என்று இறந்த காலத்தில் முடிகிறது. பணி நியமன ஆணையே கைக்கு வந்த தொனி. இதைச் சொல்லி நான் பெருமூச்சு விட்டால் அது நியாயமில்லை. ஆச்சியும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தாள், ஆனால் அவள் பதிலுக்கு ஒரு மாசச் சம்பளத்தைப் பணயம் வைத்தாள்.

தீர்க்கதரிசிகள் மட்டும் இடம் மாறிவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். முன்பெல்லாம் வருங்காலத்தைச் சொல்ல ஒரு சுவிசேஷகர் கன்வென்ஷனுக்கு வர வேண்டும். இப்போது கோச்சிங் சென்டர் சார் சொல்கிறார். வெள்ளைப் பலகை முன்னால் மார்க்கரோடு நின்று, பி.சி. பெண்களுக்கு இத்தனை கேள்வி சரியாக இருந்தால் சேஃப், இத்தனைக்குக் கீழ் என்றால் அடுத்த பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கிவிடுங்கள் என்கிறார். இருநூறு கேள்வி, முந்நூறு மதிப்பெண். அதில் முதல் நூறு தமிழ், அதில் நாற்பது சதவீதம் இல்லையென்றால் மிச்சத்தைத் திருத்தவே மாட்டார்கள். எரேமியாகூட இவ்வளவு திட்டமாகச் சொன்னதில்லை.

அந்த வருஷம் பரீட்சை ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்தில் இது பெரிய மனத்தாங்கல். ஓய்வுநாளில் பரீட்சை வைக்கிறார்களே என்று. (அன்றைக்கே சாயங்காலம் டெல்லியில் மோடி மூன்றாம் முறை பதவியேற்றார். ஒரே நாளில் ஒருவருக்கு நியமன ஆணை, இத்தனை லட்சம் பேருக்கு ஹால் டிக்கெட்.) ஒன்பது மணிக்குள் அறைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் பாஸ்டர் விடிகாலையில் ஒரு குறுகிய ஆராதனை வைத்தார். நல்ல மனுஷர். முப்பது வயதுதான் இருக்கும், அவருமே ஒரு காலத்தில் பேங்க் பரீட்சை எழுதியவர். நானும் அக்காவும் போயிருந்தோம். காணிக்கைத் தட்டில் இந்த முறை எல்லாம் கருப்புப் பந்துமுனைப் பேனா. நீலம் ஆகாது என்று தேர்வாணையமே விதி போட்டிருக்கிறது. ஹால் டிக்கெட்டையும் கொண்டு வாருங்கள் என்றார். பாதிப் பேரிடம் அது போனில்தான் இருந்தது. வரிசையாகப் போனை நீட்ட, ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்து ஜெபித்துக்கொண்டே போனார். என் மருமகளின் முறை வந்தபோது விரல் பட்டுத் திரை மாறி, ஹால் டிக்கெட் போய், முந்தின ராத்திரி அவள் பாதியில் நிறுத்தியிருந்த வடிவேலு காமெடி சத்தமாக ஓடத் தொடங்கிவிட்டது. பாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. ஆசீர்வாதம் எதன்மேல் இறங்கியது என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் விவாதம்.

பேனாவைப் பற்றிப் பேசும்போது 2019 பரீட்சையைச் சொல்லாமல் விட முடியாது. ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சிலர் எழுதிய மை சில மணி நேரத்தில் தானாக மறைந்துவிட்டது. பிறகு அந்த இடத்தில் சரியான விடை வந்து உட்கார்ந்தது. அற்புதம்தான், ஆனால் சி.பி.சி.ஐ.டி. அதை அப்படிப் பார்க்கவில்லை. தொண்ணூற்றொன்பது பேரை வாழ்நாள் முழுக்க எழுதக் கூடாது என்று தேர்வாணையம் விலக்கிவைத்தது. உவமையில் தொண்ணூற்றொன்பது ஆடு பத்திரமாக இருக்கும், ஒன்றுதான் தொலையும். இங்கே கணக்குத் தலைகீழ்.

அதற்குப் பிறகுதான் விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் வந்தது. ஏ, பி, சி, டி தவிர ஈ. விடை தெரியவில்லை என்றால் காலியாக விடக் கூடாது. ஈ வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். முடிந்ததும் எத்தனை ஏ, எத்தனை ஈ என்று எண்ணி எழுதித் தர வேண்டும், அதற்குத் தனியாகக் கால்மணி நேரம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள அரசாங்கமே ஒரு வட்டம் ஒதுக்கிவிட்டது. சபையில் இன்னும் நாலு வட்டம்தான்.

பஸ் ஸ்டாப்பில் அவளிடம் கேட்டேன், உள்ளே போய் என்ன ஜெபம் பண்ணுவாய் என்று.

“வேலை கேட்டு நான் ஜெபிக்கிறதில்ல மாமா. அம்மாவே போதுமான அளவு கேக்காங்க.”

“பொறவு?”

“ரிசல்ட்ட அம்மாட்ட சொல்லும்போது குரல் உடைஞ்சிரக் கூடாதுன்னு கேப்பேன். அது இதுவரைக்கும் நடந்துருக்கு.”

பஸ் வந்துவிட்டது.

காத்திருக்கிற காலமும் முன்னைப்போல் இல்லை. நான் எழுதிய பரீட்சையில் என்ன ஆனது என்பது போஸ்ட்மேனுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். அதனால் மாதக்கணக்கில் நம்பிக்கையோடு இருக்க முடிந்தது. இப்போது சில நாட்களில் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டுவிடுகிறார்கள். அவள் கேள்வித்தாளை வைத்து டிக் போட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டாள். சார் சொன்ன எல்லைக்கு இரண்டு கேள்வி கீழே. ஒரு கேள்விக்கு விடைக்குறிப்பே தவறு என்று புத்தகப் பக்கத்தை இணைத்து ஆட்சேபணை அனுப்பினாள். அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றாள். அக்கா அக்டோபர் வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருந்தாள். முடிந்துபோன ஒன்றுக்காக ஜெபித்தால் பலிக்குமா என்று நான் ஒரு முறை பொதுவாகக் கேட்டுவைத்தேன். காலமெல்லாம் ஆண்டவருக்கு ஒன்றுதான் என்றாள். வேதசாஸ்திரப்படி அதில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. இடையில் தேர்வாணையம் இடங்களைக் கூட்டி அறிவித்தது. அது தன் உபவாசத்தால்தான் என்று அக்கா உறுதியாக நம்பினாள். இருபது லட்சம் அம்மாக்களில் பலர் அதே நாளில் அதையே நம்பியிருப்பார்கள்.

அக்டோபர் கடைசியில் முடிவு வந்தது. கிடைக்கவில்லை. அவள் குரல் உடையவில்லை. போனைக் காட்டிவிட்டு, சாயா போடவா என்று கேட்டாள். உடைந்தது அக்காவின் குரல்தான்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரம். எங்கள் சபையில் மூன்று பேருக்குக் கிடைத்திருந்தது. ஒருவருக்கொருவர் மைக்கைக் கொடுத்துச் சொன்னார்கள். ஒரு பையன், படிக்கவே இல்லை, எல்லாம் கர்த்தர் செய்தார் என்றான். அவன் இரண்டு வருஷம் லைப்ரரி மூடுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். தானியேல் கதையில் விட்டுப்போகிற மூன்று வருஷம் எங்கே விட்டுப்போகிறது என்று அப்போது விளங்கியது. சபை கைதட்டியது, நானும் தட்டினேன். எழுதிக் கிடைக்காத பதினேழு பதினெட்டுப் பேரும் அதே கூரைக்குக் கீழே உட்கார்ந்து தட்டினார்கள். அவர்களில் ஒருவரையும் யாரும் மைக்குக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன சொல்வார்கள் என்று பாஸ்டருக்கும் பயம் இருந்திருக்கலாம்.

புதன்கிழமை வேதபாடத்தில் அப்போஸ்தலர் முதலாம் அதிகாரம். யூதாஸின் இடம் காலி. தகுதி இன்னதென்று பேதுரு அறிவிக்கிறார்: யோவானின் ஞானஸ்நான காலம் தொடங்கிக் கடைசிவரை கூடவே இருந்தவராக இருக்க வேண்டும். ஒரு இடத்துக்கு இரண்டு பேர் தேறினார்கள், பர்சபா என்கிற யோசேப்பும் மத்தியாவும். ஜெபித்தார்கள், சீட்டுப் போட்டார்கள், மத்தியா பேருக்கு விழுந்தது. பாஸ்டர் மத்தியாவைப் பற்றி, காலியிடத்தைக் கர்த்தர் எப்படி நிரப்புகிறார் என்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார். என் மருமகள் கையைத் தூக்கினாள்.

“பாஸ்டர், அந்த பர்சபா எங்க போனாரு?”

“வேதத்துல சொல்லலம்மா.”

“அவருக்கும் எல்லாத் தகுதியும் இருந்துச்சே. ஜெபமும் சேர்த்துத்தானே பண்ணாங்க?”

பாஸ்டர் கொஞ்ச நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார். “மத்தியாவும் எங்க போனாருன்னு சொல்லலம்மா. போஸ்டிங் கிடைச்ச பிறகு அவர் பேரும் வேதத்துல ஒரு இடத்துலயும் வரல.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறையில் போஸ்டிங் கிடைத்து முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஒரு இடத்திலும் பேர் வராமல் வேலை பார்த்தவன் நான் ஒருவன்தான்.

2025 ஏப்ரலில் அடுத்த அறிவிப்பு வந்தது. இந்த முறை 3,935 இடம். பி.சி.க்கு உள்ள இலவச வாய்ப்புகள் தீர்ந்துவிட்டதால் தேர்வுக் கட்டணம் நூறு ரூபாய். நான் கொடுத்தேன். ஜூலை 12 சனிக்கிழமை என்பதால் ஓய்வுநாள் சங்கடம் இல்லை என்று அக்காவுக்குச் சந்தோஷம். அதற்காகவே ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள்.